சுங்க வரி என்று சொல்லி பில்டர் கூடுதலாக 41,000 டாலர் கேட்கிறார்: இதில் நியாயம் எவ்வளவு?

கேரி புதுமனை
2025 நவம்பர் 8

நண்பர்களுக்கு வணக்கம். வட கரோலினாவில், கேரி நகருக்கு அருகே எங்களுக்குச் சொந்தமான மனையில், எங்கள் விருப்பப்படி வரைபடம் போட்டு 3,200 சதுர அடியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்ற பிப்ரவரியில் 7,40,000 டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை மாறாத ஒப்பந்தம்தான் என்றாலும், பன்னிரண்டாம் பக்கத்தில், சுங்க வரி உள்ளிட்ட அரசு நடவடிக்கைகளால் பொருள்களின் விலை உயர்ந்தால் அந்த உயர்வை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அன்று அதைப் படித்தேன். அதன் கனத்தை உணரவில்லை.

இப்போது அடித்தளம் முடிந்து, செப்டம்பரில் மரச்சட்டகம் எழுப்பி, கூரையும் போட்டாகிவிட்டது. இந்த வாரம் பில்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டகத்துக்கான ஃப்ரேமிங் மரத்துக்கு 9,500, சமையலறை மற்றும் குளியலறை கேபினெட்டுகளுக்கு 8,000, கிரானைட் மேடைக்கு 2,600, எஃகுக்கும் கராஜ் கதவுக்கும் 4,900, மின்கம்பி வேலைக்கு 5,200, ஏசி மற்றும் சமையலறைச் சாதனங்களுக்கு 6,300, ஜன்னல்களுக்கு 4,500 என மொத்தம் 41,000 டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறார். கேபினெட் வரி ஜனவரி 1 முதல் 50 சதவீதமாகிவிடும் என்பதால், இம்மாதக் கடைசிக்குள் பாதிப் பணம் கட்டி ஆர்டர் கொடுக்கச் சொல்கிறார். கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி, கடன் தொகையை ஒரு டாலர்கூட உயர்த்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே வருவது முழுவதும் எங்கள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும்.

பில்டர் நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. இதுவரை வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், "செய்தியைப் பாருங்கள்" என்பதே பதிலாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

ராலே மதிப்பீட்டாளர்
2025 நவம்பர் 8

வணக்கம் ஐயா. நான் பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் வீடு கட்டும் நிறுவனங்களுக்குச் செலவு மதிப்பீடு செய்து வருகிறேன். கடிதத்தில் முதலில் உள்ள ஃப்ரேமிங் மரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மிகப் பெரிய தொகை, அதுவே மிகவும் பலவீனமான கோரிக்கை.

கனடா மரத்தின் மீதான வரி இந்த ஆண்டு கடுமையாக ஏறியது உண்மை. சென்ற ஆண்டு ஆகஸ்டில் 14.54 சதவீதமாக இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் (மிக மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கப் போடுவது) மானிய ஈட்டு வரியும் (ஏற்றுமதி நாட்டு அரசின் மானியத்தை ஈடுகட்டப் போடுவது) சேர்ந்து, இந்த ஆகஸ்டில் பெரும்பாலான ஆலைகளுக்கு ஏறத்தாழ 35 சதவீதமாகிவிட்டன. அதற்கு மேல், 1962ஆம் ஆண்டின் வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவின்கீழ் (நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரி போட இடம்தருவது) அக்டோபர் 14 முதல் இன்னொரு 10 சதவீதம் சேர்ந்து, மொத்தம் 45 சதவீதம் ஆகியிருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்தவர் எவரும் மரத்தின் விலை பாதிக்குப் பாதி கூடியிருக்கும் என்றே நினைப்பார். நடந்தது வேறு. வரி ஏறப் போகிறது என்று தெரிந்ததால் மர வியாபாரிகள் கோடையிலேயே வாங்கிக் குவித்தார்கள். அதே நேரத்தில் புதிய வீடுகளின் எண்ணிக்கை மந்தமாக இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆயிரம் போர்டு அடிக்கு (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள மரம் ஒரு போர்டு அடி) ஏறத்தாழ 700 டாலரைத் தொட்ட முன்பேர விலை, செப்டம்பரில் 600க்குக் கீழே இறங்கியது. எனக்கு மரம் தரும் கிடங்கின் விலைப்பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன்: பிப்ரவரியில் 575 டாலர், செப்டம்பரில் 560 டாலர்.

3,200 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 20,000 போர்டு அடி ஃப்ரேமிங் மரம் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் போர்டு அடிக்கு 100 டாலர் ஏறினால் உங்கள் வீட்டுக்கு 2,000 டாலர் கூடும். அப்படியானால் 9,500 டாலர் கூட வேண்டுமென்றால் விலை 475 டாலர் ஏறியிருக்க வேண்டும். அத்தகைய ஏற்றம் இந்த ஆண்டு நிகழவில்லை. உங்கள் மரம் செப்டம்பரில் மனைக்கு வந்துவிட்டது. அக்டோபர் 14 வரி அதைத் தொட்டிருக்கவே முடியாது. மரக்கிடங்கின் விலைச்சீட்டைக் கேளுங்கள். அதில் தேதி இருக்கும்.

டல்லாஸ் வாசகி
2025 நவம்பர் 8

மேலே சகோதரர் சொன்னதோடு என் அனுபவத்தையும் வைக்கிறேன். நாங்கள் 2021இல் கட்டினோம். அப்போது பிரச்சினை வரியால் வந்ததன்று. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மரம் தேடியதால் வந்தது. அந்த மே மாதத்தில் மரத்தின் விலை ஆயிரம் போர்டு அடிக்கு 1,500 டாலரைத் தாண்டியது. எங்கள் சட்டகம் எழுந்தது அதே மாதத்தில். ஆகஸ்ட் முடியும்போது அது 500க்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே மூன்று மாதம் பிந்தி ஆரம்பித்தவர்கள் எங்களைவிட 28,000 டாலர் குறைவாகக் கொடுத்தார்கள்.

எங்கள் ஒப்பந்தத்திலும் உங்களுடையதைப் போன்ற ஒரு விதிதான் இருந்தது. விலை ஏறினால் நாங்கள் கொடுக்க வேண்டும். இறங்கினால் என்ன என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வீட்டின் உட்பலகையான, மரச்சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்த ஓ.எஸ்.பி. அட்டைகளில் ஒரு பகுதி ஆகஸ்டில்தான் வாங்கப்பட்டது. விலை இறங்கியதன் பயன் எங்களுக்கு வரவில்லை. இரண்டு திசையிலும் திறக்காத கதவைக் கதவு என்று சொல்லக்கூடாது. ஒப்பந்தம் போடும் அனைவரும் அந்த விதியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுங்கக் கணக்காளர்
2025 நவம்பர் 9

நான் ஹூஸ்டனில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கேபினெட் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் சுங்க வரி கடை விலையின் மீது போடப்படுவதில்லை. பொருள் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேறும்போது இறக்குமதியாளர் அதற்குக் கொடுத்த விலையின் மீது போடப்படுகிறது. கடல் கட்டணமும் காப்பீடும்கூட அதில் சேராது. உங்கள் கேபினெட்டுகளின் மொத்த விலை 32,000 டாலர் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பில்டர் கேட்டிருக்கும் 8,000 என்பது அதில் சரியாக 25 சதவீதம். அந்த 32,000க்குள் கப்பல் கட்டணம், கிடங்கு வாடகை, லாரி, விற்பனைக்கூடச் செலவு, பொருத்துகிற தச்சர்களின் கூலி, இரண்டு மூன்று பேரின் லாபம் எல்லாம் இருக்கின்றன. அது வியட்நாமிலிருந்து வருவதானால், சுங்கத்தில் காட்டப்படும் மதிப்பு 13,000 டாலர் அளவில் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அதில் 25 சதவீதம் 3,250 டாலர்.

இன்னொன்றும் உண்டு. மரக் கேபினெட்டுகளுக்கு இந்த ஆண்டு தொடக்கத்தில் பொதுவான சுங்க வரி இல்லை. ஏப்ரல் 5இல் எல்லா நாடுகளுக்குமான 10 சதவீதம் வந்தது. ஆகஸ்ட் 7இல் வியட்நாமுக்கு அது 20 சதவீதமானது. அக்டோபர் 14இல் வந்த 25 சதவீதம் அந்த 20க்கு மேல் சேர்வதில்லை. அதற்குப் பதிலாக வருகிறது. ஆகவே செப்டம்பருக்கும் இன்றைக்கும் இடையே உண்மையில் கூடியது ஐந்து புள்ளி மட்டுமே, அதாவது 650 டாலர். உங்கள் ஒப்பந்தம் பிப்ரவரியைச் சேர்ந்தது என்பதால் முழு 3,250ஐயும் பில்டர் கேட்க உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்கிறேன்.

பிறகு லாபச் சதவீதம் எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். மொத்த விற்பனையாளர் தமக்கு அடங்கிய விலையின் மீது 35 சதவீதம் வைப்பவர் என்றால், வரியின் மீதும் அதே 35ஐ வைக்கிறார். 3,250 என்பது 4,390 ஆகிறது. பில்டர் தம் 18 சதவீதத்தை அதன் மேல் வைத்தால் 5,180. அரசுக் கருவூலத்துக்குப் போனது 3,250; உங்கள் பையிலிருந்து போவது 5,180. வரி ஒருமுறைதான் கட்டப்படுகிறது, ஆனால் அதன் மேல் லாபம் இரண்டு முறை ஏறுகிறது. நியாயமான தொகை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 8,000 எந்தக் கணக்கிலும் வராது.

கேபினெட் சீனாவிலிருந்து வருவதானால் கதை முற்றிலும் வேறு. 2020 முதல் சீன மரக் கேபினெட்டுகளுக்கு மிக உயர்ந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி உள்ளது. அதனால்தான் வியாபாரம் வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் நகர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தால் உச்சவரம்பு 15 சதவீதம். வட கரோலினாவிலேயே செய்யப்பட்டதானால் கேபினெட்டுக்கு வரியே இல்லை. முதலில் அது எந்த நாட்டுப் பொருள் என்று கேளுங்கள்.

தென்பைன்
2025 நவம்பர் 9

நான் ஜார்ஜியாவில் ஒரு மர அறுவை ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். இந்த இழையில் வரியை வெறும் தண்டனையாகவே எல்லோரும் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கனடாவின் காடுகளில் பெரும்பகுதி மாகாண அரசுகளின் உடைமை. மரம் வெட்டுவதற்கான கட்டணத்தை அங்கே பெரும்பாலும் அரசு நிர்ணயிக்கிறது. இங்கே தென் மாநிலங்களில் சிறு நில உடைமையாளர்களிடம் சந்தை விலை கொடுத்து வாங்குகிறோம். இந்தச் சண்டை 1980களிலிருந்து நடக்கிறது. 2006 உடன்பாடு 2015 அக்டோபரில் காலாவதியான பிறகு, 2017 முதல் வரி தொடர்கிறது. ஆகவே மரத்தின் மீதான வரி நேற்று முளைத்த ஒன்றன்று. 2024இல் விலை வீழ்ந்தபோது தென் மாநிலங்களில் பல ஆலைகள் மூடப்பட்டன. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. வீட்டு விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் கூடுவதைப் பற்றிப் பேசும்போது, அந்த ஊர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராலே மதிப்பீட்டாளர்
2025 நவம்பர் 9

நண்பர் தென்பைன் சொல்வதை மதிக்கிறேன். கட்டணம் பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கட்டுமான இடத்தில் உள்ள ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். தெற்கத்திய மஞ்சள் பைன் வலிமையான மரம். தளத்தைத் தாங்கும் உத்தரத்துக்கும், மருந்து ஏற்றிய வெளிப்புற மரத்துக்கும் அதையே கேட்டு வாங்குகிறோம். சுவரின் நிற்கும் சட்டங்களுக்கு வரும்போது, ஃப்ரேமிங் குழுக்கள் கனடாவின் ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் கலந்த எஸ்.பி.எஃப். மரத்தையே விரும்புகின்றன. மஞ்சள் பைன் காயும்போது முறுக்கிக்கொள்கிறது, கனமாகவும் இருக்கிறது. முறுக்கிய சட்டத்தின் மேல் டிரைவால் எனும் ஜிப்சம் சுவரட்டையை அடித்தால் ஆறு மாதத்தில் சுவர் அலையாகத் தெரியும். நாட்டின் மென்மரத் தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கனடாவிலிருந்து வருவது விலைக்காக மட்டுமன்று. வரியால் ஒரு மரத்தை இன்னொரு மரமாக மாற்றிவிட முடியாது. ஆலையும் உலர்த்தும் சூளையும் பெருக ஆண்டுகள் ஆகும்.

தென்பைன்
2025 நவம்பர் 10

சூளையில் சரியாக உலர்த்தினால் முறுக்கு வெகுவாகக் குறையும் என்று மட்டும் பதிவு செய்கிறேன். ஆண்டுகள் ஆகும் என்பதை மறுக்கவில்லை. கனடாவின் பெரிய மர நிறுவனங்களே தென் மாநிலங்களில் ஏராளமான ஆலைகளை வாங்கி நடத்துகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது வெறுமனே இரு நாடுகளுக்கு இடையிலான போர் அன்று.

கிருஷ்ணகிரிக்காரன்
2025 நவம்பர் 10

கிரானைட் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாய்மாமா ஓசூர்ப் பக்கம் சிறிய பாலிஷ் ஆலை நடத்துகிறார். கிருஷ்ணகிரி, தருமபுரிக் குவாரிகளின் கல்லும், ஆந்திராவின் சீமகுர்த்திக் கருங்கல்லும் அவரிடம் பலகையாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறும். இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27இல் மேலும் 25 என மொத்தம் 50 சதவீதம் வந்தது. இந்த ஆண்டு ஏப்ரலுக்கு முன் மெருகிட்ட கிரானைட்டுக்கு இருந்தது 3.7 சதவீதம் மட்டுமே.

கேரி அண்ணா, உங்கள் சமையலறை மேடை 60 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வெட்டுச்சேதம் சேர்த்து இரண்டு பலகைகள், ஏறத்தாழ 110 சதுர அடி வேண்டும். மாமா ஒரு சதுர அடியை 6 டாலருக்குக் கப்பலேற்றுகிறார். வண்ணத்தைப் பொறுத்து கூடும், குறையும். 50 சதவீதம் என்றால் சதுர அடிக்கு 3 டாலர். இரண்டு பலகைக்கும் சேர்த்து 330 டாலர். உங்களிடம் கேட்டிருப்பது 2,600. அங்கே மேடைக்குச் சதுர அடி 70 டாலர் என்று வாங்குவது பெரும்பாலும் வெட்டும் கூலியும், விளிம்பு உருட்டும் கூலியும், சிங்க்குக்குத் துளையிடும் கூலியும், தூக்கி வைக்கும் நால்வரின் கூலியும்தான். அந்தக் கூலிக்கு எந்த நாடும் வரி போடவில்லை.

இந்த 330இல்கூட முழுவதும் உங்களிடம் வரவில்லை. இறக்குமதியாளர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி, வரியில் ஒரு பகுதியை மாமாவின் தலையில் வைத்துவிட்டார்கள். இரண்டு ஷிப்ட் ஓடிய ஆலையில் இப்போது ஒரு ஷிப்ட் ஓடுகிறது. பதினைந்து வருடமாகப் பாலிஷ் இயந்திரத்தில் நின்ற ஒருவர் பெங்களூருவில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார். அவர் கையில் பளபளத்த கல் உங்கள் ஊர்ச் சமையலறைகளில் இருக்கிறது. அங்கே அந்த வரியின் பெயரைச் சொல்லி எட்டு மடங்கு வாங்குகிறார்கள் என்று கேட்கும்போது மனம் வலிக்கிறது.

கேரி புதுமனை
2025 நவம்பர் 11

தம்பி எழுதியதை என் மனைவிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் தேர்ந்தெடுத்த கல் இந்தியக் கல்தான் என்பது அவர்களுக்கு இதுவரை தெரியாது.

கேபினெட் விலை 32,000 என்ற ஊகம் சரியே. வியட்நாம் என்பதும் உறுதியாகிவிட்டது. மின்கம்பி, எஃகு, சாதனங்கள் பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். ஜனவரிக்கு முன் ஆர்டர் கொடுத்துவிடலாமா என்பதும் உறுத்துகிறது. சமையலறையின் வரைபடம் இன்னும் முடிவாகவில்லை; என் மனைவிக்கு அடுப்பு இருக்கும் சுவரை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது.

சுங்கக் கணக்காளர்
2025 நவம்பர் 12

எஃகில் பில்டரின் பக்கம் நியாயம் உண்டு. மார்ச் 12இல் 25 சதவீதம், ஜூன் 4இல் 50 சதவீதம் என்று வரி ஏறியது. உள்நாட்டு எஃகு வாங்கினாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் போட்டியாளரின் விலை ஏறும்போது உள்நாட்டு ஆலையும் தன் விலையை ஏற்றுகிறது. கம்பி, உத்தரம், கராஜ் கதவு மூன்றுக்கும் 4,900 கொஞ்சம் அதிகம் என்றாலும் சண்டை போடும் அளவுக்கு இல்லை.

சாதனங்களிலும் அப்படியே. குளிர்பதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம், அடுப்பு போன்றவற்றில் உள்ள எஃகின் மதிப்புக்கு ஜூன் 23 முதல் வரி உண்டு. இங்கே 2018இல் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு துணி துவைக்கும் இயந்திர இறக்குமதிக்கு வரி போட்டபோது அவற்றின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது; வரியே போடப்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறத்தாழ அதே அளவுக்கு ஏறியது. இரண்டையும் சோடியாக வாங்குவதே மக்களின் வழக்கம் என்பதால், உற்பத்தியாளர்கள் ஏற்றத்தை இரண்டிலும் பங்கிட்டு வைத்தார்கள் என்று மத்திய ரிசர்வ் வங்கியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பொருளியலாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே "இது உள்நாட்டுப் பொருள், விலை ஏன் ஏறுகிறது" என்ற கேள்விக்கு விடை உண்டு. அந்த விடை நமக்குப் பிடிக்காது.

மின்கம்பியில்தான் தேதி முக்கியம். தாமிரத்துக்கு 50 சதவீத வரி வரும் என்று ஜூலை தொடக்கத்தில் அறிவித்ததும் நியூயார்க் சந்தையில் விலை எகிறியது. ஜூலை 30இல் வந்த ஆணையில், சுத்திகரித்த தாமிரத் தகடுகளுக்கு விலக்கு என்று தெரிந்ததும் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. கம்பி, குழாய் போன்ற பாதி முடிந்த பொருள்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் வரி உண்டு என்றாலும், கம்பியை இங்கேயே இழுக்கும் ஆலைகளுக்குக் கச்சாப் பொருள் வரியில்லாமல் கிடைக்கிறது. உங்கள் மின்பணியாளர் ஜூலை நடுவில் பயந்து வாங்கியிருந்தால் அந்த உச்ச விலையை உங்களிடம் கேட்பார். அது வரியால் வந்த செலவன்று. வரி வரும் என்ற அச்சத்தால் வந்தது. ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பக்க வாசகம் அந்த அச்சத்தையும் உள்ளடக்குமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

ராலே மதிப்பீட்டாளர்
2025 நவம்பர் 12

மொத்தத் தொகையைச் சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். புதிய வீடுகளில் பயன்படும் பொருள்களின் மதிப்பில் ஏறத்தாழ 7 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருவதாகத் தேசிய வீடு கட்டுநர் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் 7,40,000இல் பாதி பொருளுக்கு என்று கொண்டால் 3,70,000. அதில் 7 சதவீதம் 25,900. அது முழுவதுக்கும் 50 சதவீத வரி விழுந்தாலும் 13,000ஐத் தாண்டாது. அதே சங்கம் ஏப்ரலில் கட்டுநர்களைக் கேட்டபோது, அவர்களே ஒரு வீட்டுக்குச் சராசரியாக 10,900 டாலர் கூடும் என்றுதான் மதிப்பிட்டார்கள்.

சுங்கக் கணக்காளர்
2025 நவம்பர் 12

அந்த 7 சதவீதத்தை ஒரு கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டும். இங்கே பூட்டப்படும் ஏசி எந்திரத்துக்குள் இருக்கும் மெக்சிகோ மோட்டாரும் சீனச் சுற்றுப்பலகையும் அதில் முழுமையாகத் தெரியாது. மேலும், விருப்பப்படி கட்டும் வீட்டில் இத்தாலிய ஓடு, ஜெர்மன் குழாய், இந்தியக் கல் என்று இறக்குமதியின் பங்கு கூடுதலாகவே இருக்கும். ஏப்ரல் மதிப்பீட்டுக்குப் பிறகு எஃகு வரி இரட்டிப்பாகிவிட்டது. நான் 15,000 முதல் 20,000 வரை நியாயம் என்பேன். 41,000க்கு மட்டும் என்னால் வழி காண முடியவில்லை.

டல்லாஸ் வாசகி
2025 நவம்பர் 13

ஜனவரிக்கு முன் ஆர்டர் பற்றி: சமையலறை வரைபடம் முடிவாகாமல் கேபினெட் ஆர்டர் கொடுக்காதீர்கள். அளவு கொடுத்துச் செய்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். வரி 25 புள்ளி ஏறினாலும் உங்களுக்கு அது 3,250 டாலர், லாபம் ஏறினால் 5,000. தவறான சுவருக்கு வந்த கேபினெட் முழு 32,000.

மறுபக்கம், வரி இறங்கட்டும் என்று வேலையை நிறுத்தியும் வைக்காதீர்கள். கட்டுமானக் கடனில் 5,00,000 எடுத்திருந்து வட்டி 8 சதவீதம் என்றால் மாதம் 3,333 டாலர் வட்டி மட்டும் போகும். இரண்டு மாதக் காத்திருப்பு கேபினெட் வரி முழுவதையும் விழுங்கிவிடும். அடுப்பு எந்தச் சுவரில் என்பதை இந்த வாரமே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு தேதியைப் பாருங்கள்.

ராலே மதிப்பீட்டாளர்
2025 நவம்பர் 13

பில்டரிடம் கேட்க வேண்டியதை எழுதுகிறேன். புதிதாக ஒப்பந்தம் போடுபவர்களுக்கும் பயன்படும். ஒவ்வொரு பொருளுக்கும் பிப்ரவரி விலைச்சீட்டும் வாங்கிய நாளின் விலைச்சீட்டும் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். இறக்குமதியாளர் சுங்கத்தில் தாக்கல் செய்யும் 7501ஆம் எண் படிவத்தில்தான் உண்மையான வரித் தொகை இருக்கும். அதை வியாபார இரகசியம் என்று பெரும்பாலும் தரமாட்டார்கள், ஆனால் விலைச்சீட்டில் வரித் தொகையைத் தனியாகப் பிரித்துத் தரும் விற்பனையாளர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். வரித் தொகையின் மேல் பில்டரின் லாபச் சதவீதம் ஏறக்கூடாது என்று சேஞ்ச் ஆர்டரில், அதாவது ஒப்பந்த மாற்றத்தைப் பதிவு செய்யும் தாளில், எழுதுங்கள். விலை இறங்கினால் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பில்டருக்கும் இதில் நட்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். விலையைப் பிப்ரவரியில் பூட்டிவிட்டு, மார்ச்சிலிருந்து மாதம் ஒரு ஆணையைப் படித்துக்கொண்டு வேலை செய்கிறார். அவருடைய விற்பனையாளர் பட்டியல் விலையை 25 சதவீதம் ஏற்றி அனுப்பியிருந்தால், அவர் அதைத்தான் உங்களுக்கு அனுப்பியிருப்பார். குரலை உயர்த்தாமல் தாளோடு பேசுங்கள்.

சுங்கக் கணக்காளர்
2025 நவம்பர் 14

இன்னும் ஒரு விதி சேர்க்க வேண்டும். நாடுவாரியாகப் போட்ட வரிகள், அதாவது 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தை வைத்துப் போட்டவை, செல்லாது என்று பன்னாட்டு வணிக நீதிமன்றம் மே 28இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29இலும் கூறின. இம்மாதம் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வாதம் முடிந்து தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தியக் கிரானைட்டின் 50 சதவீதம் அந்த வகை. மரம், கேபினெட், எஃகு, தாமிரம் ஆகியவற்றின் 232ஆம் பிரிவு வரிகளை அந்த வழக்கு தொடாது.

வரியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், பணம் சுங்கத்தில் பதிவான இறக்குமதியாளருக்குத்தான் போகும். வீடு கட்டியவருக்குத் தானாக ஒரு காசும் வராது. ஆகவே நீங்கள் கொடுத்த வரித் தொகை யாருக்காவது திரும்பக் கிடைத்தால் அது உங்களிடம் வந்துசேர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நடைமுறையில் அதை மீட்பது கடினமே. எழுதாவிட்டால் கேட்கவும் வழியில்லை.

கேரி புதுமனை
2026 ஜனவரி 4

பதில் எழுதிய அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் இறுதியில் பில்டரின் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். விலைச்சீட்டுகளைக் கேட்டபோது முதலில் தயங்கினார். பிறகு அவரே கோப்பை எடுத்து வந்தார். ஃப்ரேமிங் மரத்தில் உண்மையில் கூடியது 900 டாலர். 9,500 என்பது ஆகஸ்டில் அவருடைய மதிப்பீட்டு மென்பொருள் போட்ட எண். வாங்கிய பிறகு அதைத் திருத்தவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கிரானைட் 500க்கு வந்தது. எஃகுக்கு 3,900 கொடுத்தோம். மின்கம்பியின் பெரும்பகுதி ஜூலை மூன்றாம் வாரத்தில் வாங்கப்பட்டிருந்தது. ஏற்றத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து 2,600 என்று முடித்தோம். சாதனங்கள் 3,400, ஜன்னல்கள் 1,900, கேபினெட் 4,300. மொத்தம் 17,500. அந்தத் தொகையும் எங்களுக்குச் சிறியதன்று. முன்கூடத்துக்கு நினைத்திருந்த மரத்தரையை விட்டுவிட்டோம்.

கேபினெட்டை அவசரப்பட்டு ஆர்டர் செய்யவில்லை. அடுப்பு கிழக்குச் சுவருக்குப் போனது. வரைபடம் டிசம்பர் 22இல்தான் முடிந்தது. வரி ஏறிவிடும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தோம். டிசம்பர் 31 இரவு வந்த ஆணையில், கேபினெட் வரி 50 சதவீதமாக ஏறுவதை 2027 ஜனவரி 1 வரை தள்ளிவைத்துவிட்டார்கள். நாளை மறுநாள் ஆர்டர் கொடுக்கிறோம், அதே 25 சதவீதத்தில்.

கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒரு செய்தி. கல் பலகைகளைப் பார்க்கக் கிடங்குக்குப் போனபோது அவற்றின் விளிம்பில் ஏற்றுமதி முத்திரை இருந்தது. ஓசூர் என்று எழுதியிருந்தது. யாருடைய ஆலை என்று எனக்குத் தெரியாது. அம்மா அந்தக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.